பேசினால் அறுகிற இணைப்பு

கெட்டுப்போன பொருள் எனக்குப் புதிதல்ல. கடல் மணலில் தாது பிரிக்கிற மணல் ஆலையில் முப்பது வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். மோட்டார் எரிந்தால் எரிந்துவிட்டது. கழற்று, மாற்று, முடிந்தது. நாள் முழுக்க ஒழுங்காக ஓடிவிட்டு, நமக்குத் தேவைப்படும் நேரத்தில் மட்டும் நிற்கிற பொருள்தான் ஆத்திரம் மூட்டும். ஓய்வு பெற்ற வருஷம் நான் வாங்கிய கம்ப்யூட்டர் அந்த ஜாதி.

வாங்கியதே மகளுக்காக. அவள் குவைத்தில் நர்ஸ். புருஷனுக்கும் அங்கேதான் வேலை. இரண்டு மாதத்துக்கு முன் அவளுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. பிரசவத்துக்குக் கூட இருக்க வேண்டும் என்று என் மனைவி பாஸ்போர்ட் எடுத்து, பெட்டிகூட அடுக்கி வைத்திருந்தாள். விசா கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பிய மூன்று போட்டோக்களைப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, வேதம் வாசிக்கிற சாக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகன்தான் போனில் சொன்னான். "மாமா, வீட்ல லேண்ட்லைன் கிடக்குல்லா. அதுலயே பிராட்பேண்டு போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்குங்க. கேமரா வச்சா பிள்ளைய தெனமும் பாக்கலாம். ஞானஸ்நானத்தையும் அப்படியே காட்டிருவேன்."

ஞானஸ்நானம் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே வெள்ளிதான் விடுமுறை, ஆராதனையும் அன்றைக்கே. போதகர் வீட்டுக்கே வருகிறார். நமக்கு மத்தியானம் பன்னிரண்டரை. என் மனைவி கேமரா முன்னால் உட்காருவதற்கென்று ஒரு சேலையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். "அவளுக்கு இடுப்புக்கு மேலதான் தெரியும், பாத்துக்க" என்றேன். "கரை தோள்லயும் வரும்லா" என்றாள்.

நாகர்கோவில் போய்க் கம்ப்யூட்டர் வாங்கி வந்தேன். டெலிபோன் லைன்மேன் வந்து மோடத்தை மாட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்கு ஸ்ப்ளிட்டர் என்று பெயர். வெளியே இருந்து வருகிற லைனை அதற்குள் கொடுத்தால், ஒரு வழியில் போனும் மறு வழியில் மோடமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் ஓடும். மோடத்தில் வரிசையாக விளக்குகள். இரண்டாவது விளக்கு அசையாமல் பச்சையாக நின்றால் லைன் இருக்கிறது. மினுக்கினால் போய்விட்டது. அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

முதல் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மகளின் முகம் திரையில் வந்தது. என் மனைவி திரைக்குள்ளே புகுந்துவிடுவதுபோலக் குனிந்து, "ஏட்டி, தெரியுதா? நான் பேசுறது கேக்குதா?" என்று சத்தம் போட்டாள்.

"கேக்குது அம்மா. பைய பேசுங்க. குவைத்து முழுக்கக் கேக்குது."

குழந்தையை எடுத்துவர உள்ளே போனாள். தூக்கிக்கொண்டு வந்தாள். குழந்தை கொட்டாவி விட்டது. அந்த வாய் மூடவில்லை. படம் அப்படியே நின்றுவிட்டது. திரும்பி மோடத்தைப் பார்த்தேன். இரண்டாவது விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

நாலைந்து நிமிஷத்தில் தானாகவே வந்தது. மறுபடி கூப்பிட்டோம். மறுபடி இரண்டு நிமிஷம், மறுபடி போனது. அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். பேசி முடித்துவிட்டு எழுந்துபோனால் அந்த விளக்கு ஆணி அடித்ததுபோல ராத்திரிவரைக்கும் நிற்கும். பேச உட்கார்ந்தால் போகும்.

முதலில் கம்ப்யூட்டர்க்காரனைத்தான் சந்தேகப்பட்டேன். பெட்டியைத் துணியில் சுற்றி ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய் அவன் மேஜைமேல் இறக்கி, "பழைய சாமானுக்குப் பெயிண்டு அடிச்சுத் தந்திருக்கீரா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். அவன் தன் லைனில் மாட்டி, யாரோ சிநேகிதனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் வீடியோவில் பேசிக் காட்டினான். ஒரு தடவைகூட அறவில்லை. "சார், வீடியோ நெறைய இழுக்கும். உங்க லைன் தாங்கலை" என்றான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

லைன்மேன் வந்தார். தூணில் உள்ள பெட்டியில் மீட்டர் வைத்துப் பார்த்தார். "அண்ணாச்சி, லைன் கண்ணாடி மாதிரி இருக்கு. கம்ப்யூட்டரப் பாருங்க."

இவர்கள் இரண்டு பேரையும் நம்பாமல் ஆலையில் செய்கிற மாதிரி செய்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை எழுதி வை. மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் இருக்கிற ஒயரை மாற்றினேன். அடாப்டரை வேறு பிளக்குக்குக் கொண்டுபோனேன். சுவரில் உள்ள போன் பெட்டியைத் திறந்தால் செம்புக்கம்பி முனை பச்சை பிடித்துக் கிடந்தது. கடல் காற்றுக்கு எங்கள் பக்கம் எந்தச் செம்பும் தப்பாது. சுரண்டிப் பளபளவென்று ஆக்கி முறுக்கினேன். வீடியோ இழுக்கிறது என்று சொன்னானே, அதையும் சோதித்தேன். பாட்டு வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு ஒருமணி நேரம் எதிரே உட்கார்ந்திருந்தேன். ஒரு குறையும் இல்லை. நாலு மணிக்கு மகளைக் கூப்பிட்டோம். இரண்டு நிமிஷம், அவ்வளவுதான்.

என் மகள் பேசினால் மட்டும் அறுகிறது என்று எந்த மெக்கானிக்கிடம் போய்ச் சொல்ல?

வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "பிள்ள கொட்டாவி விட்டதயாவது பாத்தேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள், வியாழன் காலை, லைன்மேனை மறுபடி இழுத்துக்கொண்டு வந்தேன். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "வீட்டுக்குள்ள வேற பேரலல் போன் ஏதும் உண்டுமா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. நானே வெட்டிப் பதினாலு வருஷமாச்சு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீடும் சுவருக்கு அந்தப்பக்கம் அண்ணன் வீடும் ஒரு காலத்தில் அப்பா கட்டின ஒரே வீடு. அப்பா கடைசிக் காலத்தில் பின்பக்க அறையில் படுத்துவிட்டார். எழுந்து வந்து போன் எடுக்க முடியாது என்பதால், முன்னறையில் இருந்த போனிலிருந்து, கூரைக்கு அடியில் இருக்கிற மச்சு வழியாக ஒயர் இழுத்து அவர் கட்டில் பக்கத்தில் இன்னொரு போன் வைத்துக்கொடுத்தேன். இரண்டும் ஒரே லைன். இங்கே எடுத்தால் அங்கே கேட்கும். அப்பா இறந்ததும் நானும் அண்ணனும் பாகம் பிரித்தோம். நடுவில் ஒரு சுவர் எழுந்தது. பின்பாதி அண்ணனுக்கு, முன்பாதி எனக்கு. டெலிபோன் லைன் என் பங்கில் வந்தது.

கிணற்றைப் பங்கு வைக்கும்போதுதான் சண்டை. அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. "பிள்ளை இல்லாதவனுக்கு எதுக்கு இவ்வளவு தண்ணி" என்று நான் சொன்னேன். பாகம் பேச வந்தவர்கள், அண்ணன் மனைவியான என் மைனி, பன்னிரண்டு வயதில் என் மகள், எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். என் மகளைத் தோளில் தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனவன் அவன். அவன் உள்ளே போய்விட்டான். அன்றைக்கே நான் மச்சில் ஏறி அந்த ஒயரை வெட்டினேன். பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம். குழம்பு வாளி எங்களைத் தாண்டிப் போகும், பேச்சு போகாது.

லைன்மேனிடம் இதெல்லாம் சொல்லவில்லை. வெட்டியாச்சு என்று மட்டும் சொன்னேன். வெட்டினவன் எலக்ட்ரீஷியன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

"அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றார் அவர். "நெட்டு கட்டான அந்த நிமிஷமே உங்க போனை எடுத்துக் காதுல வையுங்க. டோன் நல்லா வந்தா மோடத்த மாத்தித் தாரேன். டோன்ல எதாவது வித்தியாசம் இருந்தா லைன்ல தேடுவோம்."

நாலு மணிக்கு உட்கார்ந்தோம். மகள் வந்தாள். மனைவி சத்தம் போட்டாள். குழந்தையின் ஒரு கை தெரிந்தது. படம் நின்றது.

உடனே ரிசீவரை எடுத்தேன். டோன் இருந்தது, ஆனால் மெலிந்து கிடந்தது. அதற்கு அடியில் ஏதோ ஒன்று டக் டக்கென்று ஓடியது. சுவர்க் கடிகாரம். எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் இல்லை. கொஞ்ச நேரத்தில் டோன் நின்றுபோனது. அப்போது ஒரு இருமல் கேட்டது. மூன்று தடவை இருமிவிட்டுக் கடைசியில் தொண்டையைச் செருமுகிற இருமல். அதே இருமல் சுவர் வழியாகவும் வந்தது. இந்தக் காதில் ஒன்று, அந்தக் காதில் ஒன்று.

நான் மூச்சுக்கூட விடாமல் ரிசீவரை வைத்தேன். டார்ச்சையும் கட்டரையும் எடுத்துக்கொண்டு மச்சில் ஏறினேன்.

ஒயர் நான் வெட்டின இடத்தில்தான் இருந்தது. யாரோ அதைச் சேர்த்திருந்தார்கள். இரண்டு கம்பியையும் தனித்தனியாகப் பிரித்து, ஒன்றுக்கு மேல் ஒன்று படாமல் முன்னும் பின்னுமாக இடம் விட்டு, எட்டுச் சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. ஷார்ட் ஆகாமல் இருக்க அப்படித்தான் முறுக்க வேண்டும். அதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் வீட்டில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேலே சுற்றியிருந்தது எலக்ட்ரிக் டேப் இல்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர். தூசி படிந்து பழுத்துப்போயிருந்தது.

மகள் நர்சிங் படித்த காலத்தில் லீவுக்கு வந்தபோது செய்திருக்க வேண்டும்.

கீழே மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"என்னது?"

"பொய் சொல்லாத. தெரியுமான்னு கேட்டேன்."

"நான் டார்ச்சுப் பிடிச்சேன்" என்றாள். "படிச்சு முடிச்சிக் குவைத்துக்குப் போனா பெரியப்பாகிட்டப் பேச முடியாது, நான் பேசுறதயாவது கேக்கட்டும்னு அழுதா. நீங்க அப்ப டூட்டிக்குப் போயிருந்திய. நான் என்னத்தச் செய்ய?"

"இத்தன வருஷமா நான் பேசினதயெல்லாம் அவன் ஒட்டுக்கேட்டுக்கிட்டு இருந்திருக்கான்."

"நீங்க என்னத்தப் பேசினிய? மழை பெஞ்சுதா, சாப்டியா. அதுல என்ன ரகசியம் கிடக்கு?"

மச்சில் குந்தியபடியே எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அந்தப் போனின் மணியை அணைத்து வைத்திருப்பார்கள், ஆனால் என் போன் மணி சுவருக்கு அந்தப்பக்கம் கேட்கும். கேட்டதும் அவன் மெதுவாக ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். இப்போது மணி அடிப்பதில்லை. ஆனால் என் மனைவி கம்ப்யூட்டரைப் பார்த்துப் போடுகிற கூச்சல் தெருவுக்கே கேட்கிறது. மகள் பேசுகிறாள் என்று நினைத்து அவன் போய் எடுக்கிறான். அந்தப் போனுக்கு ஸ்ப்ளிட்டர் கிடையாது. எடுத்த நொடியே மோடத்தின் கழுத்தில் கை வைத்ததுபோல லைன் செத்துவிடுகிறது. அவனுக்குக் கேட்பதும் வெறும் டோன்தான். என்ன ஆச்சோ என்று பிடித்துக்கொண்டே நின்றிருப்பான். நாங்கள் இங்கே திரையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

இன்னொன்றும் விளங்கியது. மகள் எப்போது போன் பண்ணினாலும், "கால் எரிச்சல் எப்படி இருக்கு? வெறுங்கால்ல நடக்காதீங்க. மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடி போடணும்" என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். "எனக்கு எந்தக் காலு எரியுது? நீ எந்த நோயாளிய நெனச்சிப் பேசுறே?" என்று நான் கத்துவேன். அவள் சிரித்துவிட்டு, "சும்மா சொன்னேன்ப்பா" என்பாள். அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

கட்டரின் வாய்க்கு நடுவில் ஒயரை வைத்துவிட்டிருந்தேன். ஒரு அழுத்து போதும். நாளைக்குப் பன்னிரண்டரை மணிக்கு ஒரு தடையும் இல்லாமல் ஞானஸ்நானம் பார்க்கலாம். குறை கண்டுபிடித்தாயிற்று, நீக்குவதுதான் பாக்கி. முப்பது வருஷம் செய்த வேலை.

"வெட்டுங்க" என்றாள் மனைவி கீழேயிருந்து. "வெட்டிட்டு நீங்களே அவகிட்டச் சொல்லுங்க, வெட்டிட்டேன்னு."

நான் இறங்கினேன். வெட்டவில்லை. மனசு இளகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அப்போது அவமானம்தான் இருந்தது. ஒரு சின்னப் பெண் பத்தொன்பது வயதில் என் பேச்சைச் சரிசெய்யப் பார்த்து, எனக்குத் தெரியாமல் மச்சில் ஏறியிருக்கிறாள். நான் சொன்ன அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க வழி கிடையாது. அதை வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. அதற்காக இன்னொன்றையும் வெட்டுவதா என்றுதான் தோன்றியது.

மறுநாள் பத்து மணிக்கு அண்ணன் வாசலுக்குப் போனேன். அவன் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேப்பரை இன்னும் உயர்த்திக்கொண்டான். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மைனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவளிடம் சொன்னேன்.

"மைனி, பன்னிரண்டரைக்குப் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கம்ப்யூட்டர்ல காட்டுவாவ. அந்த நேரத்துல இங்க போனை எடுத்தா அங்க நெட்டு போயிரும். எடுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

மைனியின் முகம் செத்துப்போனது. "எந்தப் போனு? இங்க போனு ஏது?"

"கட்டில் பக்கத்துல இருக்குல்லா, அதுதான். நான் மச்சுல ஏறிப் பாத்தாச்சு."

பேப்பர் அசையவில்லை.

"கேக்கணும்னா அங்க வந்து கேக்கச் சொல்லுங்க. இதுல கேக்கவும் செய்யலாம், பாக்கவும் செய்யலாம்" என்றேன். திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பத்தடி தூரம்தான்.

பன்னிரண்டேகாலுக்கு மைனி வந்தாள். புதுச்சேலை. அவளுக்குப் பின்னால் அவன். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் அதில் உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை. மைனியிடம், "இதுல நம்ம பேசினா அங்க கேக்குமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

மைனிக்கு என்ன தெரியும்? நான்தான் மோடத்தைப் பார்த்தபடி சொன்னேன். "கேக்கும். ஆனா போன்ல மாதிரி சும்மா இருந்து கேக்க முடியாது. மூஞ்சி தெரியும்."

மைனி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

மகள் வந்தாள். தலையில் முக்காடு, கையில் வெள்ளை உடுப்பில் குழந்தை. "அப்பா, இன்னைக்காவது நிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். நாங்கள் இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தோம். நான் விளக்கைப் பார்த்தேன். பச்சை. அசையாமல் நின்றது. அசையாமல் நின்றது அவள்தான்.

"பெரியப்பா" என்றாள்.

அவன் கதவை விட்டுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடிதான் போடுறேன், மக்கா" என்றான்.

போதகர் ஜெபிக்க ஆரம்பித்தார். தண்ணீர் தலையில் பட்டதும் குழந்தை வீறிட்டது. மருமகன் கேமராவைக் கிட்டத்தில் கொண்டுவந்தான். என் மனைவியும் மைனியும் ஒரே நேரத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். நாற்பது நிமிஷம் ஓடியது. ஒரு தடவைகூட அறவில்லை.

அன்றோடு நாங்கள் சேர்ந்துவிட்டோம் என்று எழுதினால் பொய். என் மனைவி வாங்கி வைத்திருந்த கேக்கை மைனி கையில்தான் வாங்கித் தின்றான். போகும்போது என் மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனான், என்னிடம் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு மூன்று நாள் வாய்வரைக்கும் வந்தது. கேட்டால் அந்த வார்த்தையை மறுபடி அவன் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதனால் விட்டுவிட்டேன். அது கோழைத்தனமா, நல்லதா என்று எனக்குத் தெரியாது. லைன்மேனிடம் இன்னொரு ஸ்ப்ளிட்டர் வாங்கி அந்த ஒயரிலும் மாட்டினேன். பிளாஸ்டரை எடுத்துவிட்டு முறையாக டேப் சுற்றினேன். அவன் போனை எடுத்தாலும் இனி எங்களுக்கு ஒன்றும் ஆகாது. அவன் எடுப்பதுமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பன்னிரண்டரைக்கு வருகிறேன் என்று மகள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். பதினொரு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. தூணில் எங்கோ தண்ணீர் இறங்கிவிட்டது போல. விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நான் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். சுவருக்கு அந்தப்பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஏலே, நெட்டு வந்தாச்சா?"

நான் விளக்கை இன்னொரு தடவை பார்த்தேன்.

"வரல்ல" என்றேன்.

"வந்தா சொல்லு. சட்ட மாத்திட்டு வரணும்."